குப்பை வண்டிக்குப் போட்டி எத்தனை நாள்?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"டெக்னிக்கலா வேண்டாம்ப்பா, பொதுவா ஏதாவது பேசு" என்றார் செயலாளர் அண்ணன். குப்பையைவிடப் பொதுவான விஷயம் எனக்குத் தெரியவில்லை.

குப்பையை மாநகராட்சியே அள்ளணுமா, தனியாரிடம் விடணுமா? சென்னையில் இந்த வாக்குவாதத்துக்குக் கால் நூற்றாண்டு வயது. "தனியார் வந்தா போட்டி வரும், செலவு குறையும்" என்பது ஒரு கட்சி. "தொழிலாளி வயிற்றில் அடிக்காதே" என்பது மறு கட்சி. அந்தப் போட்டி எத்தனை நாளைக்கு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஹோட்டல் தொழிலில் தினமும் போட்டி. சாம்பார் சரியில்லைன்னா நாளைக்கு எதிர்க்கடை. குப்பை வண்டி அப்படி இல்லை. ஒரே தெருவில் நாலு கம்பெனி வண்டி ஓடினால் டீசல்தான் வீண். அதனால் ஒரு மண்டலத்துக்கு ஒரே கம்பெனி. போட்டியெல்லாம் டெண்டர் பிரிக்கிற அன்றோடு சரி. பிறகு ஏழெட்டு வருஷத்துக்கு அங்கே அவர் ஒருவர்தான்.

ஆகவே ஒப்பந்தத்தில் எதற்குப் பணம் என்று எழுதுகிறோமோ, அதுதான் நமக்குக் கிடைக்கும். 2000-ல் அன்றைய பத்து மண்டலங்களில் மூன்று ஓனிக்ஸ் நிறுவனத்துக்குப் போயின. 2007-ல் நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது. கூலி டன் கணக்கில். எடைக்குக் காசு என்றால், வீட்டிலேயே மக்க வைத்துக் குறைக்கிற ஒவ்வொரு கிலோவும் ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம். கட்டட இடிபாடு வண்டியில் ஏறினால் லாபம். யார் மேலும் பழி சொல்லவில்லை, கணக்கு அப்படி. 2016 விதிகளோ குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொல்லின. 2020-ல் ஏழு மண்டலங்களை உர்பேசர் சுமீத்திடம் விட்டபோது, எடைக்குப் பதிலாகச் செயல்பாட்டை அளந்து பணம் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம். ஆனால் அளக்க மாநகராட்சியிடம் ஆள் வேணுமே!

இன்னொன்று. குப்பை அள்ளுவதில் பெரிய செலவு ஆள்கூலி. குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தவர் அந்தப் பணத்தை எங்கே மிச்சம் பிடிப்பார்? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்தோம். வேலை நிரந்தரம் கேட்டார்கள். தனியாரிடம் போனால் சம்பளம் குறையும் என்று பயந்தார்கள். கூலியை வெட்டித்தான் விலை குறைகிறது என்றால், அதைத் திறமை என்று ஒரு இன்ஜினியர் சொல்லக்கூடாது.

தனியாரே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சில மண்டலங்களையாவது மாநகராட்சி தன் ஆட்களோடு, தன் வண்டிகளோடு நடத்தட்டும். டன்னுக்கு என்ன செலவு, எத்தனை புகார், எவ்வளவு பிரிக்கப்பட்டது, தொழிலாளிக்கு என்ன சம்பளம் என்று இரண்டு பக்கக் கணக்கையும் வருஷா வருஷம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடட்டும். டெண்டருக்குப் பிறகும் போட்டி நீடிக்க இது ஒரு வழி. சொந்த வண்டியை எல்லாம் விற்றுவிட்ட ஊரால், ஒப்பந்தக்காரர் சரியில்லை என்றாலும் "போய்யா" என்று சொல்ல முடியாது.

நம்மில் பலர் நகராட்சிகளில் இருக்கிறோம். சிலர் டெண்டர் போடுகிறவர்கள். அடுத்த முறை அந்தக் காகிதம் மேஜைக்கு வரும்போது, கடைசிப் பக்கத்து விலைக்கு முன்னால் மூன்றைப் பாருங்கள்: பணம் எதற்கு, அளப்பது யார், கூலி எவ்வளவு.