போர்வீரராயிருந்து சட்டசபை புகுந்த ரைட் பாட்மன்

(ஐக்கிய நாணயச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சங்கப் பேரேட்டில் வட்டிப் பத்தியைப் பார்க்கிறோம். வட்டிக்கு ஓர் எல்லை வகுக்கும்பொருட்டு அயல் தேசங்களில் பாடுபட்டவர்களை நாம் நினைப்பதில்லை. அத்தகையவர்களுள் ஒருவர் அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தைச் சேர்ந்த ரைட் பாட்மன். நம் பக்கத்தில் அவர் பெயரைக் கேட்டவர் அரிது.

அவர் 1893-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, பருத்தி விளையும் காஸ் ஜில்லாவில் பிறந்தார். வாலிபத்தில் சிறிது காலம் பருத்தி வெள்ளாமை செய்து, 1916-ல் சட்டப் பட்டம் பெற்றார். 1917-ல் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் பிரவேசிக்கவே, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, மெஷின் துப்பாக்கிப் படையில் அதிகாரியாக உயர்ந்து, 1919-ல் விலகினார். பின்பு டெக்ஸாஸ் சட்டசபையிலும், 1929 முதல் தேசத்தின் பிரதிநிதி சபையிலும் அங்கத்தினரானார்.

பட்டாளத்தில் இருந்தது இரண்டு வருஷமே. ஆனால் சிப்பாய்களுக்காக அவர் நடத்திய வழக்கு அதனினும் நீண்டது. யுத்தத்தில் சேவித்தவர்களுக்கு உள்நாட்டில் நாளொன்றுக்கு 1 டாலரும், கடல் கடந்து சேவித்தோருக்கு 1¼ டாலருமாக வெகுமதி அளிக்க 1924-ல் சட்டமாயிற்று. பெரும்பாலோர் கையில் பணம் வரவில்லை. 1945-ல் பணமாகும் பத்திரமே வந்தது. 1929-க்குப் பின் வியாபாரம் வீழ்ந்து, கோடிக்கணக்கானோர் வேலையிழந்தனர். பத்திரத்தின்பேரில் பாதித் தொகை வரையில் கடன் வாங்கலாமென்று 1931-ல் அனுமதித்தார்கள். தனக்குச் சேரவேண்டிய பணத்திற்குச் சிப்பாய் தானே வட்டி செலுத்தவேண்டும்! தன் வயலில் கதிர் முற்றி நிற்க, அந்த நெல்லையே வட்டிக்கு வாங்கி உண்பவன் நிலைமை இதுவன்றோ?

முழுத் தொகையையும் உடனே கொடுக்கவேண்டுமென்று பாட்மன் மசோதா கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான பழைய சிப்பாய்கள் தலைநகரில் கூடிக் குடிசைகள் அமைத்துக் காத்திருந்தனர். 1932 ஜூன் 15-ந் தேதி பிரதிநிதி சபை 211-க்கு 176 வோட்டால் மசோதாவை ஏற்றது. இரண்டே நாளில் மேல்சபை 62-க்கு 18 வோட்டால் தள்ளிவிட்டது. ஜூலை 28-ந் தேதி குதிரைப்படையும் டாங்கிகளும் கண்ணீர்ப் புகையும் வந்து, நிராயுதபாணிகளான அந்தப் பழைய வீரர்களை விரட்டின. 1935-ல் இரு சபைகளும் இசைந்தும் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மறுத்தார். கடைசியாக 1936 ஜனவரியில், அவர் மறுப்பையும் மீறிச் சட்டம் நிறைவேறிற்று.

இதற்கிடையில் 1934-ல் நடந்ததுதான் நம்மைச் சேர்ந்த விஷயம். மேல்சபையில் மாரிஸ் ஷெப்பர்டு கொண்டுவந்த நாணயச் சங்க மசோதாவைப் பிரதிநிதி சபையில் முயன்று நிறைவேற்றியவர்களுள் பாட்மன் முக்கியமானவர். ஜூன் 26-ந் தேதி அது சட்டமாயிற்று. ஒரே தொழிலிலோ, ஒரே வட்டாரத்திலோ உள்ளவர்கள் சேர்ந்து சங்கம் அமைக்கலாம். அப்பொழுது பங்குத் தொகை 5 டாலராக இருந்தது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வோட்டுதான். கடன் அங்கத்தினருக்கு மட்டுமே. வட்டி, சகல செலவுகளும் அடங்க, நிலுவை அசலின்பேரில் மாதம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படலாகாது என்று முதற்சட்டம் வரையறுத்தது. நிலுவை அசலின்பேரில் என்பதைக் கவனியுங்கள். தவணை செலுத்தச் செலுத்த வட்டியும் குறைந்துகொண்டே வரும்; முதலில் எழுதிய தொகைக்கே கடைசிவரை வட்டி போடும் லேவாதேவிக்காரர் கணக்கு வேறு. அச்சட்டத்தின்கீழ் முதலாவதாகப் பதிவானது, பாட்மனின் தொகுதியைச் சேர்ந்த டெக்ஸார்க்கானா நகரத்துச் சங்கம். தேதி 1934 அக்டோபர் 1. அதற்கு ஷெப்பர்டின் பெயரையே வைத்தார்கள்.

அவரைக் குற்றமற்றவர் என்று நான் கூற வரவில்லை. வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பர் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கவேண்டுமென்ற தீர்ப்பை எதிர்த்து 1956-ல் வெளியான அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். வட்டிக்காரனிடம் சிக்கிய ஏழையின் துன்பத்தைக் கண்டவர், நிறத்தால் ஒதுக்கப்பட்டவனின் துன்பத்தைக் காணாமற்போனது பெருங்குறையே.

1963 முதல் பாங்கி விவகாரக் கமிட்டிக்குத் தலைமை வகித்து, பெரிய பாங்கிகளை ஓயாமல் கேள்வி கேட்டார். 1975-ல் அத்தலைமை பறிபோயிற்று. 1976 மார்ச்சு 7-ந் தேதி, தமது 82-வது வயதில், சபை அங்கத்தினராயிருக்கும்போதே காலமானார்.

அந்தச் சட்டத்தின் ஷரத்துக்களைப் பற்றி ஐயம் உள்ளவர்கள் இப்பொழுது கேட்கலாம்.