ஓய்வும் தண்ணீரும் பயிற்சியில் சேர்த்தி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரை படிச்சவள். வீட்டைப் பார்த்துக்கிட்டு, எங்க குழுவில் கணக்கு நோட்டு எழுதுறேன். வீட்டுக்காரர் வ.உ.சி. துறைமுகத்துக்குப் போற லாரிகளில் சரக்கு ஏத்தி இறக்குற வேலை. மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் 1500 மீட்டர், 3000 மீட்டர் ஓடுறாள். அவளுக்காகத்தான் ஓட்டப் பயிற்சியைப் பற்றிப் பேப்பரிலும் போனிலும் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, இது ஓடுற பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை, உடம்பால உழைக்கிற நம்ம எல்லாருக்கும் உள்ளதுன்னு பட்டது. தலைவி அக்காகிட்ட சொன்னேன். "அப்ப மேடையில அதையே பேசு"ன்னு சொல்லிட்டாங்க. அதான் வந்து நிக்கிறேன்.

மராத்தான் என்றால் 42 கிலோமீட்டர் 195 மீட்டர் ஓட்டம். தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ராத்திரி பூரா நடந்து, கால் கொப்புளிச்சு, விடிஞ்ச பிறகு கடலைப் பார்ப்போம். அதைவிடக் கொஞ்சம் கூடுதலான தூரத்தை, கேரளாவில் வயநாட்டுக்காரரான ஓ.பி. ஜெய்ஷா 2015-ல் பெய்ஜிங்கில் நடந்த உலக தடகளப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடி முடித்தார். கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 40 விநாடி. அவருக்கு 18-வது இடம். அடுத்த 19-வது இடமும் நம்ம நாட்டுப் பெண்தான், உத்தரப் பிரதேசத்துச் சுதா சிங். பெண் உடம்பு தாங்காது என்று சொல்லி 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் போட்டியே வைக்கவில்லை. அதை நினைச்சுப் பார்த்தால் இந்த நேரத்தோட மதிப்பு தெரியும்.

இந்த இருவருக்கும் பயிற்சி கொடுத்தவர் நிகோலாய் ஸ்னெசரேவ். பெலாரஸ் நாட்டுக்காரர். 2005-ல் இந்தியாவுக்கு வந்தார். அவரிடம் வந்த பெண்கள் பெரும்பாலும் நம்மள மாதிரி கிராமத்துப் பிள்ளைகள். கேரளாவில் இடுக்கி மாவட்டத்துப் பிரீஜா ஸ்ரீதரன், மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் பழங்குடி கிராமத்துக் கவிதா ராவத், சதாரா மாவட்டத்தில் வறட்சிப் பகுதியில் பிறந்த லலிதா பாபர். 2010-ல் சீனாவில் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் பிரீஜாவுக்குத் தங்கம், கவிதாவுக்கு வெள்ளி. லலிதா மும்பை மராத்தானில் இந்தியப் பெண்களில் தொடர்ந்து மூன்று தடவை முதலாவதாக வந்தவர். பிறகு 3000 மீட்டர் தடை தாண்டி ஓடும் பந்தயத்துக்கு மாறி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி வரை போனார். பி.டி. உஷா 1984-ல் போனதற்குப் பிறகு, ஒலிம்பிக் தனிநபர் ஓட்டத்தில் இறுதிச் சுற்றுக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர்தான்.

நிகோலாய் ரொம்பக் கண்டிப்பான மனுஷர்னு பேர். பயிற்சி முகாம் நடந்த இடங்களில் ஒன்று நம்ம ஊட்டி. குளிருக்காகப் போனது இல்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே காற்றில் நமக்குக் கிடைக்கிற பிராணவாயு குறைவு. அங்கேயே தங்கி ஓடினால், உடம்பு அந்தக் குறையைச் சரிக்கட்ட ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூடுதலா உண்டாக்கும். கீழே இறங்கி வந்து ஓடும்போது அந்த ரத்தம் கைகொடுக்கும். ஆனால் சிவப்பணு உண்டாக இரும்புச்சத்து வேணும். அது இல்லாத பிள்ளையை மலையில் கொண்டுபோய் வெச்சாலும் பலன் இல்லை. அதனாலதான் பெரிய பயிற்சியாளர்கள் ஓட்டத்துக்கு முன்னால் ரத்தத்தைப் பரிசோதிக்கிறாங்க.

இதை நம்ம பக்கம் திருப்பிப் பாருங்க. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்தப் பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவங்களைப் பாருங்க. இரண்டு பேரில் ஒருத்தருக்கு இருக்கலாம். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, சாயங்காலம் ஆனா கண்ணு இருட்டுதுன்னு சொல்றோம். "வயசாகுது"ன்னு நம்மளே பதிலும் சொல்லிக்கிறோம். முப்பத்தஞ்சு வயசு ஒரு வயசா அக்கா?

அடுத்த பாடம், அடித்தளம். இது நிகோலாய்க்கு முன்னாலேயே நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்பவர் காட்டிக்கொடுத்த வழி. அவர் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எந்த அளவு ஓடினா உடம்பு தாங்கும்னு முதலில் தன் உடம்பிலேயே சோதிச்சுப் பார்த்தார். வாரத்துக்கு 160 கிலோமீட்டர் வரை. ஆனால் வேகமா இல்லை, கூட ஓடுறவங்ககிட்ட பேசிக்கிட்டே ஓடக்கூடிய வேகத்தில். மாதக்கணக்கில் அப்படி ஓடி அடித்தளம் போட்ட பிறகுதான் மேட்டில் ஏறி ஓடுறது, அதற்கும் பிறகுதான் வேக ஓட்டம். பந்தயம் நெருங்கினதும் ஓட்டத்தைக் குறைச்சுடுவார். அவருடைய அக்கம்பக்கத்துப் பையன்கள் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் எடுத்தாங்க. மராத்தானில் வெண்கலமும் வந்தது. வாரம் வாரம் கொஞ்சம் கொஞ்சமா சேமிச்சு, உள்கடன் கொடுத்து, அப்புறம்தான் வங்கிக் கடனுக்குப் போன நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கென்யாவில் பேட்ரிக் சாங் என்று ஒரு பயிற்சியாளர். எலியுட் கிப்சோகே என்ற உலகப் புகழ் மராத்தான் வீரரைச் சின்னப் பையனா இருந்ததில் இருந்து வளர்த்தவர். அவர்களுடைய முகாமில் வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள்தான் கடினமான ஓட்டம். மற்ற நாளில் மெதுவா ஓடணும். அந்த நாளில் வேகமா ஓடினா கெட்டிக்காரத்தனம் இல்லை, மறுநாள் பயிற்சியைக் கெடுக்கிற காரியம். கடினமா ஓடும்போது சதை லேசாக் கிழியும். அதைச் சரிபண்ணி முன்னைவிட பலமா ஆக்குறது தூக்கமும் சாப்பாடும்தான். அதனால ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துடுவாங்க. முகாமில் கூட்டுறது, கழுவுறது எல்லாம் முறை வெச்சு எல்லாரும் செய்யணும். உலகச் சாதனை பண்ணின கிப்சோகேவுக்கும் கக்கூஸ் கழுவுற முறை உண்டு. நம்ம வீட்டில் அந்த முறை யாருக்கு மட்டும் வருதுன்னு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, பயிற்சியாளர்னா நேரம் பார்த்து விசில் ஊதுறவர்தானான்னு கேட்டா, நம்ம முத்துக்குளித்துறையில் அதற்குப் பழைய பதில் இருக்கு. இங்கே கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். குளிக்கிறவர் கல்லோட பாரத்தில் கடலுக்குள்ள இறங்குவார். தோணியில் ஒருத்தர் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். கீழே இருந்து கயிறு அசைஞ்சதும் இழுக்கணும், ஒரு நிமிஷம் தாமதிச்சா உயிர் போயிரும். அந்தக் கயிறை மச்சான் கையில்தான் கொடுப்பாங்கன்னு பெரியவங்க சொல்வாங்க. தங்கச்சி தாலிக்காக அவன் கண்ணை அங்க இங்க எடுக்க மாட்டானாம். நல்ல பயிற்சியாளர் அந்த மச்சான் மாதிரி. இறங்குன்னு சொல்றது மட்டும் அவர் வேலை இல்லை, கயிறு அசையுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்.

பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு வேற மாதிரியும் அசையும். ஓட்டம் கூடி, சாப்பாடு பத்தாமப் போனா மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்னும் போகும். எலும்பும் பலம் இழக்கும். ஓடுற பிள்ளைக்கு இது சகஜம்னு விட்டுடக் கூடாது. உடம்பு "எனக்குப் பத்தலை"ன்னு சொல்ற பேச்சு அது. ஆண் பயிற்சியாளர்கிட்ட பிள்ளைகள் இதைச் சொல்லக் கூச்சப்படும். அம்மாதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

இப்ப ரியோவில் நடந்ததைச் சொல்றேன். 2016 ஆகஸ்ட் 14, ஒலிம்பிக் பெண்கள் மராத்தான். நல்ல வெயில். ஜெய்ஷா 2 மணி 47 நிமிடத்தில் ஓடி வந்து, எல்லைக் கோட்டைத் தாண்டினதும் மயங்கி விழுந்துட்டார். மராத்தான் பாதையில் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் தண்ணீர் வைப்பாங்க. அவரவர் நாட்டுக்காரங்க தங்கள் வீரர்களுக்குச் சத்துப் பானமும் வைக்கலாம். மற்ற நாட்டு மேசைகளில் ஆள் இருந்தது, நம்ம நாட்டு மேசையில் ஒன்றும் இல்லை என்று ஜெய்ஷா சொன்னார். வேணுமான்னு கேட்டோம், வீராங்கனையும் பயிற்சியாளரும் வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு தடகள சம்மேளனம் சொன்னது. விளையாட்டு அமைச்சகம் விசாரணைக்குழு போட்டது.

யார் பக்கம் நியாயம்னு தீர்ப்புச் சொல்ல நான் இங்க வரலை. என் மனசில் நின்னது ஒண்ணுதான். எத்தனையோ மாசம் பயிற்சி, மலை, சாப்பாடு, கண்டிப்பு எல்லாம் இருந்தும், ஒரு பொண்ணுக்கு வழியில் தண்ணி வைக்கிறது யார் பொறுப்புன்னு பேச்சு வந்துட்டுது. தண்ணி, சாப்பாடு, ஓய்வு மூணும் வேலைக்கு வெளியே உள்ள சலுகைன்னு நினைச்சா அப்படித்தான் ஆகும். அதுவும் பயிற்சியில் சேர்த்தின்னு முதலிலேயே எழுதி வெச்சா அந்தக் கேள்வியே வராது.

நம்ம உப்பளத்துக்கு வாங்க. காலையில இருட்டோட போறோம். கீழே உப்பு வெள்ளை கண்ணைப் பறிக்குது, மேலே வெயில். மராத்தான் ஓடுறவருக்கு இரண்டரை மணி நேரம்தான், நமக்குப் பொழுது பூரா. எத்தனை பேர் வேலையில் தண்ணி குடிக்கிறோம்? குடிச்சா ஒதுங்க இடம் இல்லை. அதனால தொண்டை காஞ்சாலும் குடிக்கிறதில்லை. நீர்க்கடுப்பு வந்தா வெளியே சொல்ல வெட்கம். ரியோவில் விழுந்தது உலகத்துக்கே தெரிஞ்சது. பாத்தியில் ஒருத்தி தலைசுத்தி உட்கார்ந்தா பக்கத்துப் பாத்திக்குக்கூடத் தெரியாது.

எங்க வீட்டிலும் ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. "ஏ பிள்ள, வயசுக்கு வந்த பிள்ளைய டவுசரைப் போட்டு ரோட்டுல ஓட விடுதியே, நல்லாவா இருக்கு?"ன்னு பெரியம்மை கேக்காங்க. "பெரியம்மை, அவ ஓடட்டும். நீங்க மத்தியானம் அரை மணி நேரம் படுங்க. ரெண்டும் நல்லதுதான்"னு சொல்லியிருக்கேன். பெரியம்மை இன்னும் சம்மதிக்கலை. ஆனா பிள்ளைக்கு முட்டை அவிச்சுக் கொடுக்கிறது இப்ப அவங்கதான்.

கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வெச்சு முடிச்சுக்கிறேன். தீர்மான நோட்டில் ஏத்தணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாருக்கும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு பார்க்கணும். கர்ப்பமா இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தா ரத்தசோகை. அந்த எண்ணைச் சேமிப்பு நோட்டிலேயே பேருக்கு நேரா எழுதுவோம். சேமிப்பு ஏறுதான்னு பார்க்கிற மாதிரி ரத்தமும் ஏறுதான்னு பார்ப்போம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, சாளை மீன், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எல்லாம் நம்ம கைக்கெட்டுற பொருள்தான். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா இரும்புச்சத்து சரியாச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

ரெண்டு, உப்பளங்களில் குடிதண்ணீர், நிழல், பெண்களுக்குக் கழிப்பறை வேணும்னு கூட்டமைப்பு பேரில் மனு எழுதி, எல்லாக் குழுவும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கணும். எழுதுற வேலையை நான் ஏத்துக்கிறேன்.

மூணு, ஓடுற, விளையாடுற நம்ம பெண் பிள்ளைகளுக்கு முட்டைக்கும் சப்பாத்துக்கும் வட்டியில்லா உள்கடன். தொகையைப் பொதுக்குழு முடிவு பண்ணட்டும்.

நிகோலாய் 2019-ல் வேலையை விட்டுப் போனவர். மறுபடியும் வீரர்களை ஒலிம்பிக்குக்குத் தயார் பண்ண 2021 மார்ச் மாதம் இந்தியாவுக்கு வந்தார். வந்த சில நாளில், மார்ச் 5-ம் தேதி, பாட்டியாலா விளையாட்டு நிறுவன விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயது 72. எங்கேயோ பிறந்து, நம்ம நாட்டுக் கிராமத்துப் பெண்களால ஓட முடியும்னு நம்பி வேலை செஞ்சவர். அவர் நம்பின அளவுக்காவது நம்ம உடம்பை நம்ம மதிப்போம்.

 பந்தலுக்குப் பின்னால மோர் பானை வெச்சிருக்காங்க. எல்லாரும் குடிச்சுட்டுப் போங்க. கழிப்பறை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் திறந்திருக்கு.