கல்விக் கொடையும் கால்பங்கு இடமும்

 

ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் எனத் தானத்தை நான்காக வகுத்தது சமணம். பிள்ளைகள் கற்கும் இடத்திற்கு வழங்கும் 'பள்ளி' என்னும் பெயரும் துறவியர் உறைவிடத்தைக் குறித்த பழஞ்சொல்லே. கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருமேனிகளின் அடியில் குரவர், குரத்தியர், மாணாக்கர் பெயர்கள் பாறையில் பொறிக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. ஆண், பெண் இருபாலாரும் ஆசிரியராய் விளங்கிய மரபு அது.

அக்கழுகுமலைக்கு வடக்கே, திருவில்லிபுத்தூரை அடுத்த மலையடிவாரத்தில் உள்ளது செண்பகத்தோப்பு. அங்குப் பளியர் பழங்குடியினர் வாழ்கின்றனர். சிறிது தொலைவில் நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையம். அங்கே தனியார் பள்ளிகள் பல. அரசுப் பணத்தில் ஏழைக் குழந்தை தனியார் பள்ளியில் பயிலும் திட்டத்தை எடைபோட விரும்புவோர், ஆலைத் தொழிலாளியின் குழந்தையையும் மலையடிவாரக் குழந்தையையும் ஒருசேர மனத்தில் நிறுத்துதல் வேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 1-4-2010 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினர்க்கும் வாய்ப்பிழந்த பிரிவினர்க்கும் ஒதுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. பள்ளியின் கட்டணம், ஒரு குழந்தைக்கு அரசு செய்யும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ, அதனை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். தமிழ்நாட்டில் நலிந்த பிரிவினர்க்கு ஆண்டு வருமான வரம்பு 2 இலட்சம் ரூபாய். விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். நேர்காணலும் நன்கொடையும் இல்லாமல் ஆலைத் தொழிலாளியின் மகள் முதலாளியின் மகனோடு ஒரே பலகையில் அமர்கிறாள். இது சிறிய நன்மையன்று.

ஆயினும் குறைகள் உண்டு. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருத்தல் வேண்டும் என்பது விதி. அந்தத் தொலைவுக்குள் தனியார் பள்ளி இல்லாத சிற்றூருக்கு இவ்வுரிமை ஏட்டளவில் நிற்கும். எட்டாம் வகுப்போடு சலுகை முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் முன்வந்து நிற்கிறது.

2025இல் வேறொரு குறையும் வெளிப்பட்டது. கல்வி நிதி குறித்து மத்திய, மாநில அரசுகளிடையே எழுந்த பிணக்கால் கோடையில் நடைபெற வேண்டிய சேர்க்கை நின்றது. மாநில அரசு தன் கடமையிலிருந்து விலக முடியாது என்றும், கல்வி உரிமைக்கான நிதியைப் புதிய கல்விக் கொள்கையோடு பிணைக்க வேண்டியதில்லை என்றும் சென்னை உயர் நீதிமன்றம் சூன் மாதத்தில் கூறியது. சேர்க்கை அறிவிப்பு வந்ததோ அக்டோபரில். முன்னரே பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளுள் தகுதியுடையோர் அப்போது கணக்கில் கொள்ளப்பட்டனர். சூன் மாதத்தில் கட்டணம் செலுத்த இயலாமல் திரும்பிய குடும்பத்துக்கு அந்த அறிவிப்பால் விளைந்த பயன் என்ன?

அயல்நாட்டு அனுபவமும் இதற்கு மாறானதன்று. சிலி நாடு 1981இல் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தனியார் பள்ளிகளுக்கும் அரசுப் பணம் வழங்கத் தொடங்கியது. பள்ளிகள் பிள்ளைகளைத் தெரிவு செய்தன, கட்டணமும் பெற்றன, ஏழையும் செல்வரும் பிரிந்து பயின்றனர். அரசுப் பணம் பெறும் பள்ளிகளில் அவற்றைத் தடுக்க 2015இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது. தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோர் கையில் இருந்தால் அது உரிமை. பள்ளியின் கைக்கு மாறினால் அது வடிகட்டல்.

சமணப் பெருமக்கள் இங்கே ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். சிறுபான்மையினர் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 6-5-2014 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சனவரி 27ஆம் நாள் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். ஆகவே சிறுபான்மைத் தகுதி பெற்ற சமணப் பள்ளி, கால்பங்கு இடத்தை ஒதுக்காவிட்டாலும் சட்டம் கேள்வி கேட்காது. அறம் கேட்கும். சிறுபான்மையினர்க்கு அரசியலமைப்பு தந்த காப்பு, தம் பண்பாட்டைப் பேணுவதற்கு உரியது. ஏழையின் முன் கதவை அடைப்பதற்கு உரியதன்று.

சமண அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகள் கால்பங்கு இடத்தைத் தாமே முன்வந்து குலுக்கல் முறையில் வழங்கலாம். எட்டாம் வகுப்போடு கைவிடாமல் பன்னிரண்டாம் வகுப்பு வரை துணை நிற்கலாம். பள்ளி நடத்தாத அறக்கட்டளைகள், அரசுப் பணத்தை எதிர்நோக்கும் குடும்பங்களின் கட்டணத்தை உரிய காலத்தில் செலுத்தி உதவலாம். செண்பகத்தோப்பு போன்ற இடங்களின் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளியே வழி. அதற்கு நூலகமும் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துச் செலவும் தருவதும் சாத்திர தானமே.

அரசுப் பணம் தாமதமாகலாம். குழந்தையின் ஐந்தாம் வயது காத்திருக்காது. அந்த இடைவெளியை நிரப்புவதே இந்நாளின் கல்விக் கொடை.

அறம் வளர்க! கல்வி ஓங்குக!