மார்கழியில் மலைப்பயணம்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையைப் பற்றி நீங்கள் பூகோளப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குளிர்காலத்தில் அம்மலை வழியே குடும்பத்துடன் காரில் செல்ல விரும்புவோர், எந்தக் கணவாய் திறந்திருக்கிறது என்பதையே முதலில் கேட்டறிவர். சுவிட்சர்லாந்தின் கொத்தார்டுக் கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் பனியால் மூடப்பட்டுவிடும். ஆயினும், 1980-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கச் சாலை வழியே மலையைக் கடக்கலாம். ஆஸ்திரியாவிலோ, பனி படர்ந்த காலத்தில் குளிர்காலத்திற்கென அமைந்த டயர்களைப் பூட்டாமல் வண்டியோட்டுதல் சட்டப்படி குற்றமாகும்.

நமக்கு அத்துணைப் பனி இல்லை. ஆனால் நீலகிரி இருக்கிறது. அரையாண்டு விடுமுறையிலோ பொங்கல் விடுமுறையிலோ உதகைக்குக் காரில் செல்லும் குடும்பங்கள் பல. எங்கள் முத்தாபுதுப்பேட்டையிலிருந்தும் செல்கின்றனர். ஆல்ப்ஸில் எந்தக் கணவாய் என்று கேட்பதைப் போல, நாம் எந்த நேரம் என்று கேட்க வேண்டும். இன்று நான் கூற விழைவது அதுவே.

எங்கள் இல்லத்தில் இத்தகைய பயணம் ஒன்றைப் பற்றி அண்மையில் ஆலோசித்தோம். இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் ஒரு பகல் மிச்சமாகும் என்றான் என் மகன். பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். நான் பேத்தியின் கையில் தாளும் பென்சிலும் கொடுத்துக் கணக்கிடச் சொன்னேன்.

ஆவடி வழியாகப் பூந்தமல்லியை அடைந்து, வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், அவிநாசி வழியே மேட்டுப்பாளையம் சேர ஏறத்தாழ 500 கிலோமீட்டர். மணிக்குச் சராசரி 55 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒன்பது மணி நேரம். உணவுக்கும் ஓய்வுக்கும் இரண்டு மணி. ஆக மொத்தம் பதினொரு மணி நேரம். இரவு ஒன்பதுக்குப் புறப்பட்டால், பின்னிரவு மூன்று நான்கு மணியளவில் வண்டி தொப்பூர் மலையிறக்கத்தில் இருக்கும். கனரக வண்டிகளின் விபத்துகள் மலிந்த இடம் அது. மனித உடலில் உறக்கம் மிகுதியாக அழுத்தும் வேளையும் அதுவே. அதனைக் கடந்து காலை எட்டு மணிக்கு மேட்டுப்பாளையம் சேர்ந்தால், இரவெல்லாம் கண் விழித்த ஓட்டுநர் மலையேறத் தொடங்குவார். இக்கணக்கைக் கண்டதும் மகன் மறுபேச்சுப் பேசவில்லை.

மாறாக, அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் மாலை நான்கு மணிக்கு அடிவாரம் சேரலாம். அங்கே இரவு தங்கி, மறுநாள் காலை மலையேறலாம். மார்கழியில் பகற்பொழுது ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரமே என்பதை மறவாதீர்கள். மலைச்சாலையில் மாலையிலேயே மூடுபனி இறங்கிவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியே உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். குன்னூர் வரையிலான மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியே ஏறும் சாலையில் 36. அது மிகச் செங்குத்தானது. மலைச்சாலைக்குப் புதியவர்கள் அதனை விலக்குவதே நன்று. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குக. பிரேக்கையே ஓயாது மிதித்தால் உராய்வினால் அது சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது போகும்.

உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். மேட்டுப்பாளையத்திற்கும் உதகைக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,900 மீட்டர். எனவே இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்த காற்றுக்குள் செல்கிறோம். கம்பளி ஆடைகளைப் பெட்டிகளின் அடியில் வைத்தல் தகாது. கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். முதியோர்க்கு இதய நோயோ இரத்த அழுத்தமோ இருப்பின் முன்னரே மருத்துவரைக் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு வளைவுகளில் குமட்டல் வரும். எளிய சிற்றுண்டி போதும்.

தெளிந்த வானமுள்ள தை மாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கும். குளிர்ந்த காற்று கனமாதலால் பள்ளத்தில் தேங்கும். ஆகவேதான் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த இடங்களில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாய்ப் படிகிறது. நமக்கு அது கண்ணுக்கு விருந்து. ஆனால் தேயிலைக் கொழுந்தும் காய்கறிப் பயிரும் அதனால் கருகுகின்றன. படம் எடுப்பதற்காக அப்பயிருக்குள் இறங்கி மிதிக்காதீர்கள்.

குளிருக்கு அஞ்சி, மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டி உறங்குதல் உயிருக்கே கேடு. அதனின்று எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே போகக்கூடும்.

இன்னும் ஒன்று. வடகிழக்குப் பருவமழை ஓயுமுன் மலைக்குச் செல்ல அவசரப்படக் கூடாது. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வானிலை அறிவிப்பைக் கேட்ட பின்னரே புறப்படுக. வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் பெறும் முறை, உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024-ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. புறப்படுமுன் அன்றைய விதியை அறிந்துகொள்ளுங்கள். குடிநீருக்குப் பிளாஸ்டிக் புட்டிகள் வேண்டா. எவர்சில்வர்க் குவளைகளும் கூஜாவும் கொண்டு செல்லலாம்.

நல்ல திட்டத்தில் திரும்பி வருவதற்கும் இடம் இருக்க வேண்டும். மழை பெய்தால் அடிவாரத்தில் ஒரு நாள் காத்திருக்கலாம். காத்திருந்தும் ஓயாவிடில் வீடு திரும்பலாம். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

மாணவர்களே, உங்கள் இல்லத்தில் பயணப் பேச்சு எழுந்தால் நீங்களே தாளை எடுங்கள். தூரம், நேரம், உயரம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். வருவோரில் மிகவும் மெலிந்தவர் யாரோ, அவருக்கு ஏற்றபடி பயண வேகத்தை வகுத்து, அத்தாளைப் பெரியோர்முன் வையுங்கள். நீங்கள் கற்ற கணிதத்திற்கும் பூகோளத்திற்கும் அதனினும் நல்ல தேர்வு வேறில்லை.