கட்டியை எடுத்த பிறகும் குழாய் ஏன் அடைக்கிறது?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் உள்ள குடும்பங்கள் இன்று நிறைய வந்திருக்கிறீர்கள். அலுவலகத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். “போன மாதம்தான் கையில் கட்டியை எடுத்தார்கள். மறுபடி அடைத்துவிட்டது என்கிறார்களே, சரியாகச் செய்யவில்லையா?”

நான் டாக்டர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டுப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ரத்தம் வேகமாக வர வேண்டும். அதற்காகக் கையில் நம் சொந்த தமனியையும் சிரையையும் இணைப்பதுதான் ஃபிஸ்டுலா. முடிந்தவரை அதுவே நல்லது. சிரை மெலிந்துபோனவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே செயற்கைக் குழாய் வைக்கிறார்கள். அதுதான் கிராஃப்ட். பெரும்பாலும் பி.டி.எஃப்.இ. என்ற பொருளால் ஆனது. ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் டெஃப்லானும் இதே இனம்தான். தோசை ஒட்டாது, ஆனால் ரத்தம் ஒட்டும்! நம் ரத்தக்குழாயின் உட்புறத்தில் உயிருள்ள செல்கள் விரித்த பாய் போல இருந்து ரத்தம் உறையாமல் காக்கின்றன. செயற்கைக் குழாய்க்கு அந்தப் பாய் கிடையாது.

ஆனாலும் முக்கியக் காரணம் வேறு. குழாய் சிரையோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். தமனியின் வேகத்தோடு வரும் ரத்தம் மெல்லிய சிரையில் போய் மோதுகிறது. நாளாக நாளாக அங்கே உட்சுவர் தடித்து வழி சுருங்குகிறது. ஓட்டம் குறைகிறது, பிறகு உறைகிறது. அதாவது கட்டி என்பது விளைவு. சுருக்கம்தான் மூலம்.

நுனியில் சிறு பலூன் உள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையை ஃபோகார்ட்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1963ல் வெளியிட்டார். இன்றும் அது பயன்படுகிறது. ஆனால் கட்டியை மட்டும் எடுத்து சுருக்கத்தை விட்டுவிட்டால், சில நாளிலேயே, சிலருக்கு அன்றைக்கே, மறுபடி உறையும். அதனால் அதே வேளையில் மருந்து செலுத்திப் படம் எடுத்து, சுருங்கிய இடத்தைப் பலூனால் விரிக்க வேண்டும். சிலருக்கு ஸ்டென்ட் தேவைப்படும். கழுத்தில் நீண்ட நாள் குழாய் வைத்திருந்தவர்களுக்கு நெஞ்சுக்குள் உள்ள பெரிய சிரையிலும் சுருக்கம் இருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்தாலும் அடைப்பு வரலாம். அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளை 2006ல் தந்த வழிகாட்டுதலில், அறுவை இன்றி ஊசித் துளை வழியே கட்டியை எடுத்த கிராஃப்ட்களில் நூற்றுக்கு 40, மூன்று மாதம் வேறு சிகிச்சை இன்றி ஓட வேண்டும் என்பதே இலக்கு. இலக்கே அவ்வளவுதான். எடுத்த எடுப்பில் டாக்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

மாத்திரை போதாதா என்கிறார்கள். அமெரிக்காவில் புதிதாகக் கிராஃப்ட் வைத்த 649 பேரிடம் நடந்த ஆய்வு 2009ல் வெளியானது. டைபிரிடமோலும் ஆஸ்பிரினும் சேர்ந்த மருந்து எடுத்தவர்களில் 28 சதவீதத்தினருக்கு ஒரு வருடம் வரை மறு சிகிச்சை இன்றிக் குழாய் ஓடியது. எடுக்காதவர்களில் 23 சதவீதம். பலன் உண்டு, சிறியது. ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், ரத்தப்போக்கு வந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை ஒளுச் செய்யும்போதும் குழாய் மேல் விரல் வைத்துப் பாருங்கள். கர்ர் என்ற அதிர்வு இருக்க வேண்டும். அது மங்கினாலோ, கை வீங்கினாலோ, ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க நேரமானாலோ உள்ளே சுருங்குகிறது என்று பொருள். கட்டி வருமுன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அதிர்வு அறவே நின்றுவிட்டால் அன்றைக்கே போங்கள். அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருப்பதும், தைலம் போட்டு உருவிவிடுவதும் கூடாது. தாமதித்தால் குழாயே கைவிட்டுப் போகலாம், பிறகு கழுத்தில் குழாய், அதில் கிருமித் தொற்று. புதுக் கிராஃப்ட் வைக்க உடம்பில் இடமும் கொஞ்சம்தான்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள். இறுக்கமான வளையல் வேண்டாம், அந்தக் கை மேல் படுக்க வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தாலும், டயாலிசிஸில் அளவுக்கு மீறி நீர் எடுத்தாலும் பிரஷர் இறங்கிக் குழாய் உறையும். மயக்கம் வந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

கட்டி எடுத்த பிறகு வீடு திரும்புமுன், “சுருக்கத்தைப் பார்த்தீர்களா, விரித்தீர்களா?” என்று மரியாதையாகக் கேட்டு, டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். இரண்டாம் முறை உதவி கேட்டு வருபவர்களை நாம் திருப்பி அனுப்புவதில்லை, ஆனால் அந்தக் காகிதம் வேண்டும். படிக்கச் சிரமமாக இருந்தால் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.