தற்கொலை பற்றிய தப்பெண்ணங்கள்

(பொன்விழா நவநாளின் ஐந்தாம் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கொடியும் தேரும் காணும் நாளில் சாவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். இந்த ஐம்பது ஆண்டுகளில் நிகழ்ந்த ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் எண்ணி நன்றி கூறுகிறோம். அதே அலமாரியில் அடக்கப் பதிவேடும் இருக்கிறது. அதிலுள்ள சில பெயர்களை வாசிக்கையில் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். இனி எவர் பெயரும் அவ்வாறு எழுதப்படலாகாது என்பதற்காகவே இதைப் பேசுகிறோம்.

நாம் பூசைக்கு உதவும் சிறுவராய் இருந்த நாளில், நம் ஊரில் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். துக்க மணி அடிக்கவில்லை. சிலுவை முன்செல்லவில்லை. கல்லறை மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். அவருடைய தாயார் பல ஆண்டுகள் கோவிலின் கடைசித் தூணருகே மறைந்து நின்றதைக் கண்டிருக்கிறோம்.

"அவர்களுக்கு மோட்சமே கிடையாது" என்பது அன்று பரவியிருந்த எண்ணம்; இன்றும் முற்றிலும் மறையவில்லை. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், மனமறிந்து தம்மைக் கொன்றவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் சட்டத்தில் அத்தடை இல்லை. உயிர் கடவுளின் கொடை, அதைப் போக்க நமக்கு உரிமையில்லை என்பது மாறாத போதனை. ஆயினும் கடும் மனக்கோளாறும் வேதனையும் மனிதரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், இறந்தவரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. ஆகவே அந்தக் குடும்பங்களை விட்டு ஒதுங்காதீர்கள். வீடு தேடிச் செல்லுங்கள்.

"விசுவாசம் உள்ளவருக்கு இந்த எண்ணம் வராது" என்பது இரண்டாவது தப்பெண்ணம். இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி மன்றாடினார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. உறங்க விட்டார், தூதரை அனுப்பி இருமுறை உண்ணக் கொடுத்தார், பிறகே வழிநடத்தினார். மனச்சோர்வு ஒரு நோய். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை விசுவாசம் குன்றியவர் என்கிறோமா? மனநோய்க்கும் மருத்துவர் உண்டு, மருந்து உண்டு. செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

"சாகப்போகிறேன் என்று சொல்கிறவன் சாகமாட்டான், குரைக்கிற நாய் கடிக்காது" என்கிறார்கள். இது மிகவும் ஆபத்தான பேச்சு. தற்கொலை செய்துகொண்டவர்களில் பலர் முன்னதாக யாரிடமாவது ஏதேனும் ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். "நான் எல்லாருக்கும் பாரம்" என்பதும், அருமையான பொருளைத் திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுவதும் அவ்விதமான சொற்களே.

"கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகும்" என்று அஞ்சுகிறோம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நேராகவும் அன்பாகவும் கேட்பது மனப்பாரத்தை இறக்கி வைக்க உதவுகிறது. இதை நாம் மிகத் தாமதமாகக் கற்றோம். முன்பு பணியாற்றிய பங்கில் ஓர் இளைஞர் வந்து, "சாமி, வீட்டுக்குப் பாரமாய் இருக்கிறேன், எனக்காகச் செபியுங்கள்" என்றார். தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டோம். "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா தம்பி?" என்று கேட்கவில்லை. பத்தாம் நாள் அவருடைய அடக்கப் பூசையை நாமே நிறைவேற்றினோம். கேளாமற்போன அந்தக் கேள்வி இன்றும் நம்மோடு இருக்கிறது.

"பரீட்சையில் தோற்றான், அதனால் போய்விட்டான்" என்று ஒரே காரணம் சொல்லி முடிக்கிறோம். உண்மையில் நோய், கடன், குடி, குடும்பச் சண்டை, தனிமை எனப் பல சுமைகள் சேர்ந்தே ஒருவரை அழுத்துகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் நம் நாட்டில் 1,70,924 பேர் இவ்வாறு மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு 70-க்கும் மேற்பட்டோர் ஆண்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலிகள். "ஆண்பிள்ளை அழலாமா?" என்று இனி யாரையும் அடக்காதீர்கள்.

"முடிவெடுத்தவரைத் தடுக்க முடியாது" என்பதும் பொய். அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்கிறது. அதைக் கடந்தவர்களில் மிகப் பலர் வாழ்கிறார்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தபின், 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் 20 ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. வயல்வேலை செய்யும் வீட்டார் மருந்தைப் பூட்டி வையுங்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ்" என்று அஞ்சித் தாமதிக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

அன்புக்குரியவர்களே, ஒருவர் கலங்கி நிற்கக் கண்டால் அருகே அமருங்கள்; கேளுங்கள்; குறுக்கிடாமல் செவிகொடுங்கள்; தனியே விடாதீர்கள்; மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பும் இப்பணியைச் செய்து வருகிறது. இதைக் கேட்பவர்களில் எவருக்கேனும் அந்தப் பாரம் இருக்குமானால், இன்றிரவே ஒருவரிடம் சொல்லுங்கள். நம் அறைவீட்டுக் கதவை எந்நேரமும் தட்டுங்கள். இம்முறை நாம் கேட்போம்.

வியாகுல அன்னை நம் குடும்பங்களைக் காப்பாராக. ஆமென்.