கால் நாற்றமும் பாலாடைக்கட்டியும்



வியர்வை நாற்றத்தைப்பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டே கேளுங்கள். ஏனெனில், பாடுபடுகிறவனைப் பார்த்து முகஞ்சுளித்து, "எட்டி நில்" என்று சொல்லுவதற்கு இந்த நாற்றத்தையே பலர் காரணமாகக் காட்டி வந்திருக்கிறார்கள். ஆதலால் அதன் உண்மைக் காரணம் என்னவென்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலாவது, வியர்வைக்கென்று தனி நாற்றம் கிடையாது. சுரந்த மாத்திரத்தில் அது ஏறக்குறைய வாடையற்றதுதான். ஆனால் நம் எல்லோருடைய தோலின்மேலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றன. அக்குளில் சுரப்பதை அவை தின்று, கந்தகம் கலந்த ஆவிகளை வெளிவிடுகின்றன. அதுவே நாற்றம். அச்சுரப்பிகள் பருவமடையும் காலத்தில்தான் வேலை செய்யத் தொடங்குவதால் குழந்தைகளுக்கு அந்த வாடை இல்லை. ஸ்டாபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்னும் கிருமிக்குள் இவ்வேலையைச் செய்யும் நொதி இன்னதென்று 2020-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் யார்க் சர்வகலாசாலையார் விளக்கிக் காட்டினார்கள்.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். இன்று பெல்ஜியம், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய மூன்று தேசங்களில் பங்காகிக் கிடக்கும் பழைய லிம்பர்க் சீமையில் தோன்றியது லிம்பர்கர் என்னும் பாலாடைக்கட்டி. அதைச் செய்கிறவர்கள் கட்டியின் மேற்புறத்தை உப்புத் தண்ணீரால் அடிக்கடி துடைத்து வருவார்கள். முதலில் ஈஸ்ட் வளர்ந்து புளிப்பைத் தின்றுவிடும். பிறகு பிரெவிபாக்டீரியம் லினன்ஸ் என்னும் கிருமி ஆரஞ்சு நிறமாய்ப் படரும். அது பாலின் புரதத்தைச் சிதைக்கச் சிதைக்கக் கட்டி இளகும், ருசி ஏறும், கூடவே கடும் நாற்றமும் கிளம்பும். அக்கிருமியின் நெருங்கிய இனத்தார் எங்கே வசிக்கிறார்கள் தெரியுமா? மனிதன் கால்விரல் இடுக்கிலே! இங்கே செத்த தோல், அங்கே பால். ஆவி மாத்திரம் ஒன்றே.

இதையே தட்டில் வைத்தால் பணம் கொடுத்துத் தின்கிறான். உழைப்பவன் காலில் இருந்தால் மூக்கைப் பொத்துகிறான். இது என்ன நியாயம்?

கொசுவுக்கு இந்தப் பேதம் தெரியாது. ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் காம்பியே என்னும் கொசு, மனிதன் காலைத் தேடி வருவதைப் போலவே லிம்பர்கர் வாடையையும் தேடி வருகிறது என்பதை நெதர்லாந்துக்காரரான பார்ட் நோல்ஸ் 1996-ல் வெளியிட்டார். கிருமிகொல்லிச் சோப்பினால் காலைக் கழுவியபோது, காலையே நாடிக் கடித்த அக்கொசு இடம் மாறிக் கடித்ததையும் அவரும் ரூர்ட் டி யோங்கும் கண்டார்கள். அவ்விருவருக்கும் 2006-ல் இக் நோபல் என்னும் வேடிக்கைப் பரிசு கிடைத்தது. பரிசு வேடிக்கையானாலும் சங்கதி வேடிக்கையல்ல, உயிர் சம்பந்தப்பட்டது.

ஆகவே தோழர்களே, நாற்றம் கிருமியின் வேலை. கிருமி யாருடைய குலங்கோத்திரத்தையும் விசாரித்துக் குடியேறுவதில்லை. அதற்குப் பரிகாரம் தண்ணீரும், சோப்பும், காலை ஈரமில்லாமல் துடைப்பதுமேயாகும். உழைத்து வியர்த்தவனுக்கு அவை கிடைக்கும்படி செய்யாமல், அவனைக் கண்டு மூக்கைப் பொத்துகிறவர்தான் வெட்கப்படவேண்டும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.